ஊற்றுக்குப் பூ, கூடத்துக்குக் கூரை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷர் மலைக் கிராமங்களில், கோடை மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர்களில் ஜூன் நடுவில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஊற்று அலங்காரம், பூக்கூண்டு ஊர்வலம், தேவாலயத் திடல் விழா, கிரிக்கெட், தோட்டக் கண்காட்சி, ஆட்டு நாய்ப் போட்டி எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இவை வேடிக்கை. ஊர்க்காரர்களுக்கோ இவை ஊரை நடத்தும் வேலையில் ஒரு பகுதி. ஊர்ப் பொதுக்கூடத்தின் கூரைக்கும், பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலுக்கும், தேவாலய மணிக்கூண்டுக்கும் வேண்டிய பணம் இந்த மாதங்களில்தான் சேர்கிறது. பணத்தைவிட அரிதான ஆள்பலமும் அப்போதுதான் திரள்கிறது.

ஆங்கிலக் கிராமத்தின் நிர்வாகம் மிகச் சிறியது. 1894 வரை ஊர்க் காரியங்களை முடிவு செய்தது தேவாலயத்தில் கூடிய ‘வெஸ்ட்ரி’ கூட்டம். பெரும்பாலும் நிலக்கிழாரும் குருவானவரும் சொன்னதே அங்கே நடந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய உள்ளாட்சிச் சட்டம் ஊர்க் காரியங்களைத் தேவாலயத்திலிருந்து பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் பாரிஷ் கவுன்சிலிடம் ஒப்படைத்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க இன்னும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய காலம் அது. அப்போதே, மணமானவர்கள் உட்படப் பெண்களும் இந்தக் கவுன்சில்களுக்குப் போட்டியிட அந்தச் சட்டம் வழி செய்தது. இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பாரிஷ், சிற்றூர் கவுன்சில்கள் இயங்குகின்றன. மாவட்ட நிர்வாகம் வசூலிக்கும் கவுன்சில் வரியோடு சேர்த்து வாங்கப்படும் ஒரு சிறு தொகையே இவற்றின் வருமானம். அதைக்கொண்டு இடுகாடு, நடைபாதை, பேருந்து நிழற்குடை, விளையாட்டுத் திடல், குத்தகைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஊர்களில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகுதி நேரம் வேலை பார்க்கும் எழுத்தர் ஒருவருக்கு மட்டுமே உண்டு. சட்டம் கொடுத்த அதிகாரம் பெரிது, பணப்பை சிறிது. இடைவெளியை நிரப்புவது கோடைதான்.

சேதி பரவும் முறையும் பழையதே. ஊர் நடுவில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருக்கும். கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை மூன்று முழு நாட்களுக்கு முன்பே அதில் ஒட்டியாக வேண்டும். அடுத்தது பாரிஷ் பத்திரிகை. 1859-இல் டார்பி நகரின் தேவாலயம் ஒன்றில் குருவானவராக இருந்த ஜான் எர்ஸ்கின் கிளார்க் தொடங்கியதே இவ்வகையில் முன்னோடி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இன்று பல ஊர்களில் அது மாதம் ஒருமுறை வரும் மெல்லிய கையேடு. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க் கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டு வருவார்கள். ஜூலை இதழைப் பிரித்தால் ஞாயிறு ஆராதனை நேரங்கள், தேவாலயத்தில் பூ வைக்கும் முறைப் பட்டியல், சனிக்கிழமைப் பேருந்து நிறுத்தப்படுவதைப் பற்றிய முறையீடு, புது வீடு கட்ட வந்த விண்ணப்பம், காணாமல்போன பூனை, விழாவுக்குக் கேக் தர முன்வருபவர்கள் பெயர் கொடுக்கக் கோரிக்கை, போன மாதம் தேநீர் விருந்தில் திரண்ட தொகை ஆகியவை இருக்கும். வாட்ஸாப் குழுக்கள் வந்த பிறகும் இந்தக் கையேடு நிற்பதற்குக் காரணம் எளிது. கைப்பேசி பார்க்காத முதியவர்தான் ஊரில் பலருக்கும் முன்னோடியாக விழா வேலை செய்தவர். அவர் வீட்டுக்கும் சேதி போய்ச் சேர வேண்டும்.

டார்பிஷர் கோடையின் தனிச்சிறப்பு ஊற்று அலங்காரம். இந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். மேலே ஓடைகள் குறைவு. வற்றாத ஊற்று ஒன்று கிடைத்த இடத்தில்தான் ஊர் அமைந்தது. அந்த ஊற்றுக்கு ஆண்டுக்கொரு முறை பூவால் நன்றி சொல்லும் வழக்கத்துக்கு டிஸ்ஸிங்டன் பேர்பெற்ற ஊர். 1349-இல் பிளேக் சுற்றுவட்டாரத்தைச் சூறையாடியபோது தங்கள் ஊர் தப்பியது ஊற்று நீரின் தூய்மையால்தான் என்பது ஒரு மரபுக் கதை. 1615-இன் கடும் வறட்சியிலும் ஊற்றுகள் வற்றவில்லை என்பது இன்னொன்று. இரண்டில் எது மூலம் என்று அறுதியிட முடியாவிட்டாலும், 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கு அலங்காரம் நடந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு.

ஈஸ்டருக்குப் பின் வரும் பரமேறுதல் திருநாள் வியாழனன்று டிஸ்ஸிங்டனின் ஆறு ஊற்றுகளும் அலங்கரிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று குழந்தைகள் ஊற்று. தேவாலய ஆராதனை முடிந்ததும் குருவானவர் முன்செல்ல, ஊர்வலம் ஊற்று ஊற்றாகப் போய் ஒவ்வொன்றையும் ஆசீர்வதிக்கும். நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு அந்த ஒரு வாரத்தில் பல்லாயிரம் பேர் வந்து போகிறார்கள்.

வேலை அதற்குப் பல நாட்களுக்கு முன்பே தொடங்கும். ஆணிகள் அடித்த பெரிய மரப்பலகைகளை முதலில் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போடுவார்கள். காய்ந்த பலகை களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. களிமண்ணில் நீரும் உப்பும் சேர்த்துக் காலால் மிதித்துப் பிசைவார்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பது உப்பு. பிசைந்த மண்ணைப் பலகையில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசி மழமழவென்று தேய்ப்பார்கள். படத்தைத் தாளில் வரைந்து, மண்மேல் விரித்து, கோடுகளின் வழியே ஊசியால் குத்தியெடுத்தால் புள்ளிகளாக உருவம் பதியும். அந்தப் புள்ளிகளின்மேல் ஆல்டர் மரத்தின் சிறு கருங்காய்களையோ காப்பிக் கொட்டைகளையோ வரிசையாக அழுத்தி வெளிக்கோடு போடுவார்கள். அதன் பிறகுதான் நிறம் வரும். பாசியும் இலையும் விதையும் முதலில்; சீக்கிரம் வாடிவிடும் பூவிதழ்கள் கடைசியில். இதழ்களைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படும்படி பதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். ஆங்கிலக் கோடையை நம்பி யாரும் இதழை வேறு மாதிரி பதிப்பதில்லை. ஒரு சதுர அடிக்கே பல மணிநேரம் பிடிக்கும். கடைசி இரண்டு இரவுகள் கொட்டகையில் ஊரே மண்டியிட்டிருக்கும். ஹைட்ரேஞ்சியா இதழ்களைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்துக் கொடுப்பது முதியவர்களின் வேலை. இத்தனை பாடுபட்டுச் செய்தது ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. அதற்குள் மண் வெடிக்கும், இதழ் நிறம் மாறும். பிறகு மண்ணைச் சுரண்டிப் பலகையைக் கழுவி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பார்கள்.

மே முதல் செப்டம்பர் வரை ஊர்கள் முறை வைத்துக்கொண்டு இந்த விழாவை நடத்துகின்றன. ஜூன் 24, யோவான் ஸ்நானகன் திருநாளை ஒட்டி யூல்கிரேவின் முறை. அங்கே அலங்காரம் பெறுபவை இயற்கை ஊற்றுகள் அல்ல, தெருக் குழாய்கள். 1829-இல் ஊருக்குள் குழாய்வழி நீர் வந்தது. ஊர் நடுவில் வட்டமாகக் கட்டிய கல்தொட்டி இன்றும் நிற்கிறது. தொலைவிலிருந்து குடம் சுமந்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதை அந்தப் பூக்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். யூல்கிரேவ் தன் நீர் வழங்கலை இன்றும் பெரிய நிறுவனங்களிடம் விடாமல் ஊர் அளவிலான சொந்த நிறுவனத்தின் வழியே நடத்துகிறது. குழாய்க்குப் பூ வைக்கும் ஊர் குழாயைப் பழுது பார்க்கும் பொறுப்பையும் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கோடை விழாக்களைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

காசில்டனின் விழா மே 29. உள்நாட்டுப் போருக்கும் முடியாட்சி இல்லாத ஆண்டுகளுக்கும் பின், 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை திரும்பிய நாள் அது. 1859 வரை நாடு முழுதும் அரசு சார்பில் கொண்டாடப்பட்டுப் பிறகு கைவிடப்பட்ட நாளை இந்த ஊர் விடவில்லை. குதிரைமேல் அமர்ந்த ‘மாலை அரச’ருக்குத் தலையிலிருந்து இடுப்பு வரை மூடும் பூக்கூண்டைக் கவிழ்ப்பார்கள். உள்ளே இருப்பவருக்குக் கண் தெரியாது; குதிரையை இன்னொருவர் நடத்திச் செல்வார். பாண்டு வாத்தியம் முழங்க, மதுக்கடைக்கு மதுக்கடை நின்று ஊரைச் சுற்றிவந்த பின், கூண்டைக் கயிறு கட்டித் தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றுவார்கள். முடியரசைக் கொண்டாடும் விழா என்று சொல்லப்பட்டாலும், அந்தக் கூண்டில் அதைவிடப் பழைய வசந்த விழாவின் சாயல் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள்.

ஜூன் கடைசியும் ஜூலையும் தேவாலயத் திடல் விழாக்களின் காலம். ஜூலை பிற்பகுதியில் பள்ளிகள் மூடிக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கிளம்பிவிடும் என்பதால், அதற்கு முந்தைய சனிக்கிழமைகளுக்கு ஊர்களிடையே போட்டி. மதியம் இரண்டு மணிக்குத் திறப்பார்கள். தேங்காயைப் பந்தால் அடித்து வீழ்த்தும் கடை, பழைய பொருள் கடை, செடி விற்பனை, கேக்கின் எடையை ஊகிக்கும் போட்டி, வாலை நன்றாக ஆட்டும் நாய்க்குப் பரிசு, கயிறு இழுத்தல், கடைசியில் பரிசுக் குலுக்கல். எளிய விளையாட்டுகள்தான், ஆனால் பின்னால் ஒழுங்கான சட்ட வேலை இருக்கிறது. பீர் விற்க வேண்டுமானால் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி குறைந்தது பத்து வேலை நாட்களுக்கு முன் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுன். ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடினால் அந்த அறிவிப்பு செல்லாது. சீட்டு விற்பனை விழா நடக்கும் இடத்திலேயே முடிந்தால் குலுக்கலுக்கு உரிமம் தேவையில்லை; வெளியே முன்கூட்டியே விற்பதாக இருந்தால் பதிவு செய்ய வேண்டும். விபத்துக் காப்பீடு தனி. இந்தத் தாள்களை நிரப்பத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் விழா நடக்கும், இல்லாவிட்டால் நின்றுபோகும்.

தேநீர்க் கூடாரம் பெரும்பாலும் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. 1897-இல் கனடாவின் ஸ்டோனி கிரீக்கில் தோன்றிய இந்த இயக்கம் 1915-இல் வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவு வழியாகப் பிரிட்டனுக்கு வந்தது. முதல் உலகப் போரில் ஆண்கள் களத்துக்குப் போய்விட, உணவு உற்பத்தியில் கிராமப் பெண்களை ஈடுபடுத்துவது அதன் முதல் வேலை. பழத்தை வீணாக்காமல் ஜாம் காய்ச்சும் திறமைக்கு அன்று தொடங்கிய மதிப்பு இன்னும் குறையவில்லை. சங்கத்துப் போட்டிகளில் விக்டோரியா கேக் என்றால் நடுவில் ராஸ்பெர்ரி ஜாம் மட்டும், மேலே சர்க்கரைத் தூவல். கிரீம் வைத்தால் தகுதி போய்விடும். அந்த கேக் துண்டுகளும் தேநீரும் விற்ற காசு போய்ச் சேரும் கூடங்கள் பலவும் முதல் உலகப் போரில் இறந்த ஊர் இளைஞர்களின் நினைவாகக் கட்டப்பட்டவை. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதை அதனால்தான் ஊர் ஒரு கடனாகவே நினைக்கிறது.

ஜூலை 15 புனித சுவித்தின் நாள். அன்று மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்பது பழமொழி. வானிலைப் பதிவுகளில் ஒருமுறைகூட அது பலித்ததில்லை. ஆனாலும் விழாக் குழுவினர் அன்று வானத்தைப் பார்க்காமல் இருப்பதில்லை.

சனி, ஞாயிறு பிற்பகல்கள் கிரிக்கெட்டுக்கு. கிராம அணிகளுக்கென 1972-இல் தொடங்கிய நாடு தழுவிய கோப்பையின் இறுதி ஆட்டம் லார்ட்ஸ் மைதானத்தில் நடப்பது. முதல் ஆண்டு வென்றது கார்ன்வாலின் ட்ரூன் கிராமம். ஊர்த் திடல் ஆட்டத்தில் பந்து அடுத்த வீட்டுத் தோட்டத்தில் விழுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கு. டரம் மாவட்டத்தின் லின்ட்ஸ் ஊரில் அது மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பந்து தொல்லைதான் என்று 1977-இல் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்; ஆட்டத்துக்குத் தடை விதிக்க மட்டும் மறுத்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். பல தலைமுறையாக ஆடிவரும் திடலைக் காப்பதும் பொதுநலன் என்பதை நீதிபதி டென்னிங் பிரபு அந்தத் தீர்ப்பில் வலியுறுத்தினார்.

ஆகஸ்ட் தோட்டக்காரர்களின் மாதம். வெங்காயம், நீள அவரை, இனிப்புப் பட்டாணிப் பூ எல்லாம் கூடத்தின் மேசைகளில் வரிசை கட்டும். இதில் மிகப் பழைய போட்டிகளுள் ஒன்று டார்பிஷருக்கு வெளியே, யார்க்ஷரின் எக்டன் பிரிட்ஜில், 1800 முதல் நடக்கும் கூஸ்பெர்ரிக் கண்காட்சி. பழைய டிராம், கிரெய்ன் அளவைகளில்தான் இன்னும் எடை பார்க்கிறார்கள். 2019-இல் அங்கே நிறுத்த ஒரு பழம் 64.83 கிராம் இருந்து உலகச் சாதனையானது. எலுமிச்சை அளவுள்ள அந்தப் பழத்துக்காக மற்றக் காய்களையெல்லாம் கிள்ளியெறிந்து, மழைக்குக் குடை பிடித்து, பல மாதம் காத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஈம் கிராமத்துக்கு உரியது. ஊற்று அலங்காரமும் கார்னிவல் ஊர்வலமும் அங்கும் உண்டு. ஆனால் அந்த வாரத்தின் மையம் கடைசி ஞாயிறு, பிளேக் ஞாயிறு. 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிக்கட்டோடு நோய் ஊருக்குள் நுழைந்தது. குளிர்காலத்தில் தணிந்து, அடுத்த கோடையில் தீயாகப் பரவியது. 1666 ஜூனில் குருவானவர் வில்லியம் மாம்பெசன் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்: ஊரை விட்டு யாரும் வெளியேறுவதில்லை, நோயை அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோவதில்லை. மாம்பெசன் ஊருக்குப் புதியவர். மக்கள் மதித்தது பதவியிழந்த பழைய ஊழியர் தாமஸ் ஸ்டான்லியை. சமயக் கருத்தில் எதிரெதிராக நின்ற இருவரும் கைகோத்த பிறகே ஊர் இணங்கியது. தேவாலயம் பூட்டப்பட்டு, ஆராதனை கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கின் திறந்தவெளிக்கு மாறியது. குடும்பம் குடும்பமாக விலகி நின்றார்கள். அவரவர் வீட்டு இறந்தவர்களை அவரவரே புதைக்க வேண்டும். எல்லைக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போட்டு வைத்தால், ஸ்டோனி மிடில்டன் ஊரார் அதை எடுத்துக்கொண்டு உணவு வைத்துவிட்டுப் போவார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷர் பிரபுவும் உணவு அனுப்பினார்.

எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் குழி வெட்டிப் புதைத்தார். அந்தக் கல்லறைகள் வயல்வெளியில் வட்டச் சுவருக்குள் இன்றும் உள்ளன. ஆகஸ்டில் மாம்பெசனின் மனைவி கேத்தரினும் இறந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது போனவர்கள் 260 பேர். பிளேக் ஞாயிறன்று அதே பள்ளத்தாக்கில் ஆராதனை நடக்கிறது, கேத்தரின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது. கார்னிவல் வண்டியில் வேடமிட்டு வரும் பிள்ளைகளே அன்று பெற்றோரோடு அங்கே நிற்பார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்திருப்பது இந்த ஊரின் முதிர்ச்சி. மற்ற ஊர்களின் விழாக்களை அழகு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஈமின் விழாவுக்கு அந்தச் சொல் போதாது.

செப்டம்பர் தொடக்கத்தில் லாங்ஷா புல்வெளியில் 1898 முதல் நடந்துவரும் ஆட்டு நாய்ப் போட்டி. மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நின்று சீழ்க்கையடிக்க, நாய் தொலைவில் நிற்கும் ஆடுகளை வளைத்து, வாயில்களின் ஊடே நடத்தி, கடைசியில் பட்டிக்குள் அடைக்க வேண்டும். ஆடு மிரண்டால், கோணல் நடை நடந்தால், மதிப்பெண் குறையும். பண்ணை வேலையில் அன்றாடம் பயன்படும் திறமையை அப்படியே களத்தில் காட்டும் போட்டி இது.

இந்தக் கோடையைத் தூக்கிச் சுமப்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்குகிறது. அழகான ஊர் என்பதாலேயே வீட்டு விலை ஏறுகிறது. பல வீடுகள் விடுமுறைக் குடில்களாகின்றன. அங்கே பிறந்த இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள், ஓய்வுபெற்றவர்கள் குடிவருகிறார்கள். பேருந்து குறைகிறது, மதுக்கடை மூடுகிறது. சில ஊற்று விழாக்கள் ஆளில்லாமல் நின்றுவிட்டன. 2020-இல் கோவிட் எல்லா விழாக்களையும் நிறுத்தியது. மீண்டும் தொடங்கியபோது பழைய ஆட்கள் சிலரால் மண் மிதிக்க முடியவில்லை.

ஊர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஊர்க்காரர்கள் 2003-இல் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் மதுக்கடையை வாங்கினார்கள். 2011-ஆம் ஆண்டு சட்டம் இதற்கு வலுச் சேர்த்தது. ஊரின் பொதுப் பயன்பாட்டுச் சொத்தாகப் பட்டியலிட்ட கடையோ கூடமோ விற்பனைக்கு வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். ஒரு பவுனுக்கு ஊர்களிடம் ஒப்படைக்கப்பட்ட சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள் சிறு நூலகங்களாகவும், இதய அதிர்வுக் கருவி வைக்கும் இடங்களாகவும் மாறியிருக்கின்றன. டார்பிஷரிலோ ஊற்றுக் குழுக்கள் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டன. வேடிக்கை பார்க்க வந்தவர் கையிலும் ஒரு கிண்ணம் இதழைக் கொடுத்து, எந்த வரிசையிலிருந்து பதிக்க வேண்டும் என்று காட்டித் தருகிறார்கள். தொடக்கப்பள்ளிகளுக்குத் தனிப் பலகை கொடுக்கும் ஊர்களும் உண்டு. படம் தேர்வு செய்வதிலிருந்து மண் மிதிப்பது வரை அங்கே பிள்ளைகளின் வேலை.